எழுதியவர் யார்? : லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களின் உரைநடை பற்றிய ஒரு திறனாய்வு

சுவடி ஒன்று கைக்கு வந்தவிடத்துப் பதிப்பாசிரியர் முதற்கண் வினவுவது, அதன்கண் யாது எழுதப்பட்டுள்ளது என்பதன்று. எழுதியவர் யார், எம்மூலத்தைப் பார்த்து எழுதினார், பின்வந்த கை அதனைத் திருத்திற்றா என்பனவே அவர்தம் வினாக்கள். இவற்றிற்கு விடை காணாது பொருளுரைக்கப் புகுபவர், ஏடெழுதியவனின் பிழையை ஆசிரியர் கருத்தாகக் கொண்டு உரை வகுக்கும் இழுக்கிற்கு ஆளாவர். தமிழ்த்துறை மாணவர் முதலாண்டிலேயே பயிலும் இந்நெறி, கணினியின் கோளாறுகளை ஆராயுமிடத்தும் அவ்வாறே செல்லும். ஆயின் அக்கணினிக்கென எழுந்த கையேடுகள் இவ்வொரு வினாவிற்கு மட்டும் விடை கூறாது விட்டுவிட்டன. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இருவகைப் பக்கங்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஒருவகை, வலையமைப்பில் ஒரு பெயரைக் கொடுத்து அதற்குரிய எண்முகவரியைப் பெறும் ஏற்பாட்டை விளக்குவன. மற்றொரு வகை, விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தி அதற்குரிய எழுத்தைப் பெறும் ஏற்பாட்டை விளக்குவன. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை தம்முள் தொடர்பில்லாதன. இலக்கணம் பயின்றார்க்கு அவ்வாறு தோன்றுதற்கில்லை. கணினியின் பெயருக்கும் எண்ணுக்கும், விசைக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு இயற்கையானதன்று, இடுகுறியாற் கட்டப்பட்டது. அக்கட்டு அவிழுங்கால் ‘ஏன்’ என்று கேட்டுப் பயனில்லை. ‘யார் இட்ட குறி’ என்றே கேட்டல் வேண்டும்.

செய்யுளும் புனைகதையுமே திறனாய்வுக்குரியன என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மருத்துவ நூலையும் சிற்ப நூலையும் கணக்கு நூலையும் நூலென்றே கொண்ட மரபில் வந்த நாம் இவ்வாறு எல்லை குறுக்கிக்கொண்டது எதனாலோ அறியோம். ஒரு செயலைச் செய்யுமாறு கூறும் உரைநடையில், ஒரு சொல் பிறழ்ந்தால் படிப்பவர் கை பிறழும். ஆதலின் அவ்வுரைநடை கவிதையினும் கடுமையான ஆய்வுக்கு உரியது என்பதே எம் கருத்து.

கையேட்டுப் பக்கங்களின் அமைப்பு

லினக்ஸின் கருநிரல் 1991இல் லினஸ் டோர்வால்ட்சால் வெளியிடப்பட்டது. அதனோடு வழங்கும் கையேட்டுப் பக்கங்களின் வடிவமோ அதற்கும் இருபதாண்டு மூத்தது. 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்த யுனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் வகுத்த உறுப்புகளே பெரும்பாலும் இன்றும் தொடர்கின்றன. பெயர், சுருக்க வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மேலும் காண்க, வழுக்கள் என ஒவ்வொரு பக்கமும் நடக்கும். கட்டளைகள் ஒரு பிரிவு, கோப்பு வடிவங்கள் ஒரு பிரிவு, ஆட்சிக்குரிய கட்டளைகள் ஒரு பிரிவு என முழுத்தொகுதியும் எட்டுப் பிரிவினது.

இவற்றுள் ‘வழுக்கள்’ என்னும் உறுப்பு தனித்துப் போற்றத்தக்கது. நம் காப்பியங்களில் அவையடக்கம் உண்டு. ஆனால் அவையடக்கம் கூறும் புலவர் தம் நூலின் எந்த இடத்தில் எந்தக் குற்றம் உள்ளது என்று சுட்டிக் காட்டுவதில்லை. பணிவு கூறி அமைவர். யுனிக்ஸ் கையேட்டின் ஆசிரியர்களோ, இக்கட்டளை இன்ன இடத்தில் தவறும் என்று வெளிப்படையாக எழுதிவைத்தனர். பணிவைக் காட்டிலும் நேர்மை பயனுடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நடையிலும் இப்பக்கங்கள் நூற்பாவை ஒத்தவை. மிகைபடக் கூறல் என்னும் குற்றத்தை இவற்றில் காண்டல் அரிது. எனினும் நூற்பாவுக்கு உரை வேண்டுவது போல இவற்றிற்கும் உரை வேண்டும். அவ்வுரை இல்லாத குறையை நாம் நேரில் உணர நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பணி தொடங்கிய அன்று, சுவடிப் பெயர்த்தெழுத்துக்கென வைத்திருந்த கணினி ஒன்றில் எவராலும் உள்நுழைய இயலவில்லை. கடவுச்சொல் தவறு என்றே அது திரும்பத் திரும்பக் கூறிற்று. கடவுச்சொல்லை அடிக்கும்போது எழுத்துகள் திரையில் தோன்றா. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகவே தோன்றும். மெய்யெழுத்துக்கே புள்ளி உரித்தென்று கற்ற நமக்கு, எல்லா எழுத்தும் புள்ளியானதால் எவ்வெழுத்து விழுகின்றது என்பது புலப்படவில்லை. நெடுநேரம் கழித்தே, மாணவர் ஒருவர் விடுமுறைக்கு முன் தமிழ் விசையமைப்பை மட்டும் கணினி முழுமைக்கும் உரியதாகக் கோப்பில் எழுதிச் சென்றிருந்தார் எனத் தெரிந்தது. கடவுச்சொல்லோ உரோமன் எழுத்தில் அமைந்தது. திருத்துதற்குரிய கட்டளையும் உரோமன் எழுத்திலேதான் அடிக்க வேண்டும். பூட்டின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போன்ற நிலை.

அடுத்த அறையிலிருந்த வேறொரு கணினி வாயிலாக வலைவழியே உள்நுழையலாம் என்று கருதினோம். அவ்வழி நுழையுங்கால் எழுத்தை முடிவு செய்வது, அடிக்கின்ற கணினியின் விசைப்பலகையேயன்றி அடைகின்ற கணினியின் விசைப்பலகையன்று. ஆனால் அக்கணினியின் பெயரைக் கொடுத்தபோது, பெயர்த்தீர்வில் தற்காலிகத் தோல்வி என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. இறுதியில், சுவரில் ஒட்டியிருந்த தாளிலிருந்து 192.168 என்று தொடங்கும் எண்முகவரியைப் பார்த்து அடித்தே உட்புகுந்தோம். ஒரே நாளில் நேர்ந்த இவ்விரு கோளாறுகளுக்கும் உரிய கையேட்டுப் பக்கங்களை அதன்பின் ஒவ்வொன்றாகப் படித்தோம். அப்படிப்பின் விளைவே பின்வருவன.

‘தற்காலிகம்’ என்னும் சொல்

பெயரைக் கொடுத்து எண்ணைப் பெற முயலுங்கால் லினக்ஸ் கூறும் தோல்விச் செய்திகளுள் இரண்டு பெருவழக்கின. ஒன்று மேற்கூறிய ‘தற்காலிகத் தோல்வி’. மற்றொன்று, ‘அப்பெயரோ சேவையோ அறியப்படவில்லை’ என்பது. இரண்டையும் ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டு, ‘இணையம் வரவில்லை’ என்று கூறி அமைவார் பலர். அது பிழை. பின்னது, கேட்டோம், விடை வந்தது, அவ்விடை ‘இல்லை’ என்பதாகும். முன்னது, கேட்கவே இயலவில்லை, அன்றிக் கேட்டும் விடை வரவில்லை என்பதாகும். ‘இல்லை’ என்னும் விடைக்கும் விடை இன்மைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னது நேருமிடத்து வழங்கியையும் வழியையும் ஆராய வேண்டும். பின்னது நேருமிடத்துப் பெயரின் எழுத்துகளை ஆராய வேண்டும்.

இத்துணை நுட்பமான வேறுபாட்டைத் தாங்கும் செய்தியில் ‘தற்காலிக’ என்னும் அடைமொழி பொருந்துவதன்று என்பது எம் கருத்து. பெயர்வழங்கியின் முகவரி தவறாக எழுதப்பட்டிருப்பின் அத்தோல்வி தானே நீங்காது. எழுதியவர் திருத்துங்காறும் நிற்கும். நிரலாளர் நோக்கில், ‘மறுமுறை முயல்க’ என்று நிரலுக்குக் கூறும் குறியே அது. நிரலை நோக்கிக் கூறிய சொல்லை மாந்தர் நோக்கி அச்சிட்டதனால் நேர்ந்த மயக்கம் இது. காத்திருந்தால் சரியாகும் என்று கருதி நாமும் அன்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

இனி, பெயர்வழங்கிகளின் முகவரி எழுதப்படும் ரிசால்வ்.கான்ஃப் என்னும் கோப்பின் பக்கத்தை நோக்குவோம். வரலாறு சிறிது கூறல் வேண்டும். முற்காலத்தில் வலையிலிருந்த கணினிகளின் பெயர்கள் யாவும் ஒரே பட்டியலாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் காக்கப்பட்டன. பட்டியல் பெருகவே, பால் மொகாபெட்ரிஸ் 1983இல் களப்பெயர் முறைமையை வகுத்து 882, 883 என்னும் எண்ணிட்ட ஆவணங்களாக வெளியிட்டார். 1987இல் 1034, 1035 ஆகியவை அவற்றின் இடத்தைப் பெற்றன. ஓரேட்டில் இருந்தது பல ஏடுகளிற் பரந்தது. ஒவ்வோர் ஏட்டையும் அதற்குரியவரே காப்பாராயினர். பழைய பட்டியலின் எச்சமாக ஹோஸ்ட்ஸ் என்னும் சிறு கோப்பு இன்றும் ஒவ்வொரு கணினியிலும் உள்ளது.

ரிசால்வ்.கான்ஃப் பக்கத்தில் ஒரு தொடர் கூர்ந்து படித்தற்குரியது. மூன்று பெயர்வழங்கிகள் வரை எழுதலாம் என்று கூறும் அப்பக்கம், முதல் வழங்கியைக் கேட்டு அது குறித்த காலத்துள் விடை தராதாயின் அடுத்ததைக் கேட்கும் என்கிறது. அக்காலம் இயல்பாக 5 நொடி. மொத்தம் இரு சுற்று முயலும். ‘குறித்த காலத்துள் விடை தராதாயின்’ என்னும் நிபந்தனையே இங்கு உயிர். இதனை நழுவவிட்டவர், முதல் வழங்கி ‘இல்லை’ என்றால் இரண்டாவதைக் கேட்கும் என்று கொள்வர். நிறுவனத்தின் உள்வழங்கியை ஒன்றாகவும் வெளியுலக வழங்கியை மற்றொன்றாகவும் எழுதி, இரண்டின் அறிவும் கூடிக் கிடைக்கும் என்று நம்புவர். கிடைக்காது. ‘இல்லை’ என்பதும் விடையே. விடை வந்தபின் வேறொருவரைக் கேட்பதில்லை. முதல் வழங்கி செயலற்றுக் கிடப்பின் இரண்டாவது வழங்கி கேட்கப்படும். அப்பொழுது ஒவ்வொரு பெயரும் ஐந்து நொடி தாழ்த்துக் கிடைக்கும். எல்லாம் கிடைக்கின்றன, ஆனால் எல்லாம் தாமதமாகின்றன என்னும் முறையீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு நிபந்தனை எச்சத்தில் இவ்வளவு பொருள் பொதிந்து வைத்தது செறிவு எனப் பாராட்டற்குரியதே. ஆயினும் பயில்வோர் பெரிதும் பிறழ்ந்துணரும் இடம் என்று அறிந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தாராமை குன்றக் கூறலேயாகும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. பெயரை எவரெவரிடம் எம்முறையிற் கேட்பது என்பது ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் இல்லை, என்எஸ்ஸுவிட்ச்.கான்ஃப் என்னும் மற்றொரு கோப்பில் உள்ளது. முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பு, பின்னர்ப் பெயர்வழங்கி என்பது அதிற் காணும் பொதுமுறை. ஆனால் கோளாறு ஆய்வார் பெரிதும் கையாளும் டிக் என்னும் கருவி இம்முறைக்குக் கட்டுப்படாது நேரே பெயர்வழங்கியைக் கேட்கும். ஆதலின் டிக் விடை பகரும். உலாவி விடை பெறாது. இருவரும் உண்மையே கூறுகின்றனர். கேட்ட இடம் வேறு. உண்மை வழக்கை அறிய விரும்புவார் கெட்என்ட் என்னும் கருவியைக் கொள்ள வேண்டும். அதுவே மற்ற நிரல்கள் செல்லும் வழியிற் செல்லும். சிறப்பாக ‘லோக்கல்’ என்று முடியும் பெயர்களில் இவ்வேறுபாடு வெளிப்படும். டெபியன், உபுண்டு வழி வந்த பல கணினிகளில், அவ்வீற்றுப் பெயர்களை அருகிலுள்ள கணினிகளிடமே கூவிக் கேட்டு, கிடையாவிடின் அங்கேயே நின்றுவிடுக என்னும் ஆணை என்எஸ்ஸுவிட்ச் கோப்பில் உள்ளது. அலுவலகப் பெயர்கட்கு அவ்வீற்றைச் சூட்டியோர், டிக் காட்டும் விடையை ஏனைய நிரல்கள் காணாமை கண்டு திகைப்பர்.

எழுதிய கை

இவையெல்லாம் பக்கத்தில் உள்ளனவற்றைப் பற்றியவை. இல்லாதது ஒன்றைப் பற்றியே நமக்கு வழக்கு.

ரிசால்வ்.கான்ஃப் கோப்பு மாந்தர் படித்தற்கேற்ற வடிவில் அமைந்தது என்று அதன் பக்கம் கூறுகின்றது. மாந்தர் படிக்கலாம்; எழுதுபவர் யார்? யுனிக்ஸ் வழிவந்த பல்கலைக்கழகக் கணினிகளில் அதனைக் கணினிப் பொறுப்பாளர் ஒருவர் தம் கையால் எழுதினார். ஆண்டுக்கணக்கில் அது மாறாது கிடந்தது. அந்நாளில் இவ்வினா எழுதற்கே இடமில்லை. இன்றைய நிலை வேறு. வலையிலிருந்து முகவரி பெற்றுத்தரும் டிஎச்சிபி நிரல் அதனை எழுதும், நெட்வொர்க்மேனேஜர் எழுதும், சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்னும் பணிநிரல் உள்ள கணினிகளில், அது கோப்பே அன்று, வேறோர் இடத்திலுள்ள கோப்பைச் சுட்டும் குறியிணைப்பு மட்டுமே. அச்சுட்டின்வழிச் சென்று நோக்கின், பெயர்வழங்கியாக 127.0.0.53 என்னும் முகவரி மட்டும் காணப்படும். அது வெளியிலுள்ள எவ்வழங்கியின் முகவரியும் அன்று. அக்கணினிக்குள்ளேயே இருந்து கேள்வியை வாங்கிப் பிறரிடம் அனுப்பும் இடைநிலையாளின் முகவரி. உண்மையான பெயர்வழங்கிகள் யாவை என அறிய ரிசால்வ்சிடிஎல் என்னும் கட்டளையிடம் நிலைமையைக் கேட்டல் வேண்டும்.

இந்நிரல்கள் தாம் எழுதிய கோப்பின் தலைப்பில், இஃது இன்ன நிரலால் ஆக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு வைக்கும். கையாற் திருத்தற்க என்று விலக்குவதும் உண்டு. சுவடியின் முதலேட்டில் ஏடெழுதியவன் தன் பெயரும் ஊரும் எழுதிவைப்பதை ஒத்தது இது. பதிப்பாசிரியர் முதலில் நோக்குவது அவ்வேட்டையே. கணினி பயில்வாரோ, அதனைக் குறிப்பென்று கடந்து, அடுத்த வரியிலுள்ள எண்ணைத் திருத்திச் சேமித்து, சரியாயிற்று என்று மகிழ்ந்து வீடு செல்வர். மறுநாள் கணினி எழும்போது பழைய எண்ணே மீண்டிருக்கும். அன்று எம் துறையில் நேர்ந்ததும் இதுவே. விடுமுறைக்கு முன் நாம் கையால் எழுதிய வழங்கியின் முகவரியை, கணினி மீண்டும் எழுந்தபோது நெட்வொர்க்மேனேஜர் தன் குறிப்பிலிருந்து அழித்தெழுதிவிட்டது. பிழை நிரலினுடையதன்று, படியைத் திருத்தி மூலத்தைத் திருத்தாது விட்ட எம்முடையது. படியிற் செய்த திருத்தம் அடுத்த படியில் நில்லாது என்பதை மாணவர்க்குப் பாடமாகக் கூறிக்கொண்டே அதனைச் செய்தோம்.

இவ்வாறு அழித்தெழுதுவார் உளர் என்பதை ரிசால்வ்.கான்ஃப் பக்கம் கூற வேண்டாவோ? அப்பக்கத்தின் ‘மேலும் காண்க’ உறுப்பில் ஹோஸ்ட்ஸ், என்எஸ்ஸுவிட்ச் முதலிய பழைய துணைவர் பெயர்கள் உள, நெட்வொர்க்மேனேஜர் இல்லை. நெட்வொர்க்மேனேஜருக்குத் தனிப்பக்கங்கள் உண்டு; ரிசால்வ்டு நிரலுக்கும் உண்டு; அவையும் தத்தம் செய்தியைத் தெளிவாகவே கூறுகின்றன. ரிசால்வ்டு நிரலின் பக்கம், ரிசால்வ்.கான்ஃப் கோப்பை எத்தனை வகையாக அமைக்கலாம் என்பதையும் விரிக்கின்றது. ஆனால் கோப்பிலிருந்து புறப்படும் பயிலுநர் அப்பக்கத்தை அடைவதற்கு வழியில்லை. அந்நிரலின் பெயரை முன்னரே அறிந்தவரே அடைவர். எட்டுத்தொகையைப் பல புலவர் பாடினர். அவற்றைத் திரட்டித் திணை துறை வகுத்துத் தந்தவர் வேறு. கையேட்டுப் பக்கங்களிலும் பல கைகள் உள. தனித்தனிப் பக்கம் குற்றமற்றது. தொகுத்தவர் கையே காணப்படவில்லை.

இக்கூற்றுக்கு ஒரு மறுப்பு எழலாம். பொதுக் கையேட்டின் ஆசிரியர், எந்த வினியோகத்தில் எந்த நிரல் எழுதுகின்றது என்பதை எங்ஙனம் அறிவார்? டெபியன் ஒருவாறு, ஃபெடோரா ஒருவாறு. அறிந்து எழுதினும் அடுத்த ஆண்டு மாறிவிடும். இம்மறுப்பு வலிவுடையதே. ஆயினும், ‘இக்கோப்பைத் திருத்துமுன் இதனைப் பிறிதொரு நிரல் எழுதுகின்றதா என ஆய்க’ என்னும் ஒரே தொடர் எல்லா வினியோகத்துக்கும் பொருந்தும், எந்நாளும் பொய்யாகாது. பெயர்களைச் சொல்ல இயலாமை வினாவைச் சொல்லாமைக்குக் காரணமாகாது.

விசையும் எழுத்தும்

விசைப்பலகையின் வரலாறும் இதனையே ஒத்தது என்பதால் பொதுவானவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. டெபியன் வழிக் கணினிகளில் ஈடிசி அடைவின் டிஃபால்ட் என்னும் உட்பிரிவில் கீபோர்டு என்னும் கோப்பு உண்டு. கணினி முழுமைக்குமான விசையமைப்பை அதுவே கூறும். உள்நுழைந்தபின் க்னோம் முதலிய பணிச்சூழல்கள் பயனர்க்கெனத் தனித்தேர்வு வைத்துக்கொள்ளும். அத்தேர்வு இருக்குமிடத்துக் கோப்பைத் திருத்தினும் பயனர் மாற்றம் காணார். நுழைவாயிற் திரையில் மட்டும் மாறும். எங்கள் மாணவர் தம் திருத்தம் பலிக்கவில்லை என்று கருதி அப்படியே விட்டுச் சென்றதும் இதனாலேயே. செட்எக்ஸ்கேபிமேப் என்னும் கட்டளையாற் செய்த மாற்றமோ அவ்வமர்வளவே நிற்கும். வேலாண்டு என்னும் புதிய திரைமுறையில் அவ்வளவும் நில்லாது. மூன்று இடங்களில் மூன்று ஆணை. எது யாரை வெல்லும் என்று ஓரிடத்தும் கூறப்படவில்லை.

இங்கே நாம் விரித்துரைக்க விரும்புவது காற்புள்ளி ஒன்றைப் பற்றி. ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி அடிக்க வேண்டுவார், விசையமைப்புக்குரிய வரியில் அமெரிக்காவைக் குறிக்கும் ‘யுஎஸ்’ என்பதையும் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐஎன்’ என்பதையும் காற்புள்ளியிட்டு எழுதுவர். அடுத்த வரி திரிபுக்குரியது. இந்திய அமைப்பின் தமிழ்த் திரிபு வேண்டும் என்பதற்கு ‘டாம்’ என்று மூன்று உரோமன் எழுத்தால் எழுத வேண்டும். ஆனால் ‘டாம்’ என்று மட்டும் எழுதினால், முதல் திரிபு முதல் அமைப்புக்கே சேரும். அமெரிக்க விசைப்பலகைக்குத் தமிழ்த் திரிபு ஏது? விசைப்பலகையின் விவரணத்தை ஏற்ற இயலவில்லை என்று செய்தி வரும். ‘டாம்’ என்பதற்கு முன் ஒரு காற்புள்ளி இடல் வேண்டும். முதல் அமைப்புக்குத் திரிபு இன்று என்பதே அதன் பொருள். ஒன்றுமில்லாமையைக் குறிக்க ஒரு குறி. எதிர்நிரல்நிறை நிரல்நிறை என்று பொருள்கோள் பயின்ற மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும்: இரு வரியும் நிரல்நிறையாக நிற்கின்றன. நிரல்நிறையில் ஓரிடம் வெற்றிடமாயினும் அவ்விடம் எண்ணப்படல் வேண்டும். கையேட்டுப் பக்கமோ பட்டியல்கள் காற்புள்ளியாற் பிரிக்கப்படும் என்பதோடு அமைகின்றது.

தமிழ் ‘ஐஎன்’ என்பதன் திரிபாக நிற்பதும் ஆராயற்பாலது. இவ்வமைப்புகள் நாட்டின் பெயரால் அடுக்கப்பட்டவை. தமிழ் என்று தேடுபவர் இந்தியாவின்கீழ் ஒரு பகுதியும் இலங்கையின்கீழ் ஒரு பகுதியும் காண்பர். மொழியை நாட்டின் திரிபாக வைத்த இவ்வகைப்பாடு, ஒரு நாட்டுக்கு ஒரு மொழி என்று கருதிய ஐரோப்பிய நிலைமையிற் பிறந்ததாதல் வேண்டும் எனத் தோன்றுகின்றது. தீங்கு கருதிச் செய்ததன்று, ஆயினும் பொருந்தாதது.

இன்னும் ஆழமான இடர்ப்பாடு ஒன்று. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியே தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைமுறை, தமிழெழுத்தின் இலக்கணத்தையே தன்னுட் கொண்டது. ககரத்தை அடித்து இகரத்தை அடித்தால் ‘கி’ வரும். ககரத்தை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே வந்து ‘க்க’ ஆகும். மெல்லினத்தை அடுத்து அதன் இனவெழுத்து வரினும் அவ்வாறே. அஃதாவது, ஒரு விசையின் பயன் அதற்கு முன் வந்த எழுத்தைப் பொறுத்தது. லினக்ஸின் அடித்தள விசையமைப்பு முறையாகிய எக்ஸ்கேபி, ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும். நிலைமொழியை நினைவிற் கொண்டு வருமொழியைத் திரிக்கும் அறிவு அதற்கில்லை. ஆகவே தமிழ்99 முறையை அதன் முழு இலக்கணத்தோடு பெற விரும்புவார், அதற்கு மேலடுக்கில் ஐபஸ், எம்17என் போன்ற உள்ளீட்டு முறைகளை நாட வேண்டும். விசையமைப்புப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்னும் பெயர் தாங்கிய திரிபும் உண்டு. பெயரைக் கண்டு அதனைத் தேர்ந்தவர், புள்ளி தானே வாராமை கண்டு கணினி பழுதுற்றது என்பர். பழுது யாதுமில்லை. ஒரே பெயர் இரண்டு அடுக்கில் இரண்டு பொருளுக்கு வழங்குகின்றது. கையேடு அதனைப் பிரித்துக் கூறவில்லை.

பெயரும் எழுத்தும் கூடுமிடம்

இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று தொடும் இடம் தமிழிலேயே எழுதப்படும் களப்பெயராகும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் மூன்றும் தமிழ் எழுத்திலேயே உச்சிநிலைக் களப்பெயர்களாக இன்று வழங்குகின்றன. பெயர்வழங்கிகளிடையே செல்லும் வடிவம் உரோமன் எழுத்தும் எண்ணும் கலந்தது. தமிழ் வடிவை அதுவாக மாற்றும் முறை பியூனிகோடு எனப்படும். 2003இல் 3492 என்னும் எண்ணிட்ட ஆவணத்தால் அது வரையறுக்கப்பட்டது. தமிழ் எழுத்துகளின் குறியெண்களே அம்மாற்றத்தின் அடிப்படை. ஆதலின் விசைப்பலகையில் விழுந்த எழுத்து எது என்பதே பெயர் கிடைப்பதையும் கிடையாமையையும் முடிவு செய்யும்.

‘மௌனம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மகரத்தோடு ஔகார உயிர்க்குறி சேர்த்து இதனை எழுதலாம். யூனிகோடில் அக்குறிக்குத் தனியெண் உண்டு. தட்டச்சுப் பொறியிற் பழகிய கையோ, கொம்பு, மகரம், ளகரம் என்று அடித்து ‘மெளனம்’ என்னும் வடிவைத் தரும். அச்சில் இரண்டும் ஒன்றே போல் தோன்றும். கண்ணாற் பிரித்தல் அரிது. குறியெண்ணால் இவை இரு வேறு சொற்கள். பின்னது உண்மையில் ‘மெ’ என்னும் எழுத்தும் ‘ள’ என்னும் எழுத்துமே. ஔவையார் பெயரும் இவ்வாறே முதலெழுத்தில் இருவகையாக எழுதப்பட்டுக் கிடக்கின்றது. ‘கொ’ என்பதில் இவ்விடர் இல்லை. ஒகரக் குறியை ஒன்றாக இட்டாலும் கொம்பும் காலுமாக இரண்டாக இட்டாலும் யூனிகோடு அவற்றை நிகரெனக் கொண்டு ஒருமைப்படுத்தும் விதியுடையது. ஔகாரத்துக்கும் அவ்விதி உண்டு, ஆனால் ளகரத்துக்கு அவ்விதி செல்லாது, செல்லவும் கூடாது, ளகரம் தனியெழுத்து. எனவே ‘மௌனம்’ என்னும் பெயரில் ஒரு தளம் இருந்து, நாம் ளகரமிட்டு அடித்தால், வரும் விடை ‘தற்காலிகத் தோல்வி’ ஆகாது. கேட்டோம், அப்பெயர் இல்லை என்னும் விடையே வரும். அவ்விடை முற்றிலும் உண்மை. பெயர்வழங்கியையும் வலையையும் அங்கே ஆராய்வது வீண். விசையைத்தான் ஆராய வேண்டும்.

எம் துறையின் பெயர்த்தெழுத்துக் கோப்புகளில் இவ்விருவகை ஔகாரமும் விரவிக் கிடத்தலை இதன்பின்னரே கண்டோம். எழுத்தின் குறியெண்களை விரித்துக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் என்னும் கட்டளையின் வழியே ஒவ்வொரு கோப்பையும் பார்த்து, ளகரமிட்ட இடங்களைக் குறித்து வருகின்றோம். எக்கோப்பு எக்கணினியில், எவ்விசையமைப்பில் அடிக்கப்பட்டது என்னும் செய்தி கோப்பின் தலைப்பில் இருந்திருப்பின் இப்பணி பாதியாகும். அக்குறிப்பை எழுதும் வழக்கம் எம்மிடம் இல்லை. 2024 முதல் ஒவ்வொரு பெயர்த்தெழுத்தின் முதல் வரியிலும் அடித்தவர் பெயர், நாள், கணினி, விசையமைப்பு ஆகிய நான்கையும் எழுதி வைக்கின்றோம்.